ஒரே தறிக் கணக்கை நான்கு முறை எழுதினேன்

கேள்வி: புரோகிராமிங் மொழிகளும் கருவிகளும் மொபைல் தொழில்நுட்பமும் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பல வருடமாக மென்பொருள் எழுதுபவர்களுக்கு இன்னும் இதில் ஆர்வம் இருக்கிறதா? எப்படி ஈடுகொடுக்கிறீர்கள்?

இருக்கிறது. கோவையில் பதினைந்து வருடமாக மொபைல் செயலிகள் எழுதுகிறேன். புதிதாக ஒரு மொழி வந்திருக்கிறது என்று படித்தால், அன்று ராத்திரியே அதை மடிக்கணினியில் இறக்கிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஈடுகொடுப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பழக்கம்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஆர்வம் எங்கே ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன்.

அன்னூர் பக்கம் மாமாவுக்குத் தோட்டம். த்ரீ பேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு சாளையிலிருந்து கிணற்று மேட்டுக்கு நடந்துபோய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். மழைக்காலத்தில் பாம்பு பயம் வேறு. 2008-ல் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. கட்டிலில் படுத்தபடியே அந்த எண்ணுக்குப் போன் செய்து 1-ஐ அழுத்தினால் மோட்டார் ஓடும். 3-ஐ அழுத்தினால் நிற்கும். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு எனக்கு அது பெரிய வியப்பு.

ஒரு முறை பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். போனில் 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸ், 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து கேட்கும். 3 என்றால் 697-உம் 1477-உம். பெட்டிக்குள் இருந்த எம்டி8870 என்ற சிறு சில்லு அந்த இரட்டை ஒலியைக் கேட்டு எந்த எண் என்று கண்டுபிடிக்கும். அதற்கப்புறம் ரிலே என்ற மின்சுவிட்ச், அப்புறம் மோட்டார். இவ்வளவுதான். அவர் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பிய பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் இருக்கும் ஒரு மோட்டாரை ஒரு ஓசையால் ஓட்ட முடியும் என்றால், கையில் இருக்கும் போனை வைத்து வேறு என்னவெல்லாம் செய்யலாம் என்ற யோசனை அன்று தொடங்கியது.

சரி, பழக்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், அதில் பன்னிரண்டு விசைத்தறிகள். பாவு என்ற நெடுக்கு நூலையும் ஊடை என்ற குறுக்கு நூலையும் ஜவுளிக்காரர் கொடுப்பார், நாங்கள் கூலிக்கு நெய்து கொடுப்போம். எந்தத் தறியில் எந்த ஷிப்டில் யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், சனிக்கிழமை யாருக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கு முழுவதும் அம்மாவின் பொறுப்பு. சுவரில் சாக்பீஸால் எழுதி, பொழுதோடு நோட்டில் ஏற்றுவார். நான் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த கணக்கு இது. அதனால் புதிதாக எந்தக் கருவி வந்தாலும் இந்தத் தறிக் கணக்கையே அதில் எழுதிப் பார்க்கிறேன். கணக்கு எனக்கு அத்துப்படி என்பதால், கவனம் முழுவதும் கருவியின் மீது இருக்கும். எது உண்மையிலேயே புதுசு, எது பெயர் மட்டும் புதுசு என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

முதல் முறை 2012-ல் ஜாவாவில் எழுதினேன். அப்போது ஆண்ட்ராய்டு எழுத எக்லிப்ஸ் என்ற மென்பொருள்தான். கணினித் திரையிலேயே ஒரு போனைக் காட்டும் எமுலேட்டரைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். போனில் இருக்கும் ஆர்ம் என்ற பிராசசர் சில்லை அது கணினியில் மென்பொருளாலேயே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது, அதனால்தான் அவ்வளவு மெதுவு. திரையில் என்ன எங்கே இருக்க வேண்டும் என்று எக்ஸ்எம்எல்லில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதே பெட்டிகளை ஜாவாவில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, என் கையில் இருந்த போனில் தமிழ் எழுத்து வரவில்லை. எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் போட்டால் அம்மாவுக்குப் பயன் இல்லை. அந்தச் செயலி என் போனோடு நின்றுபோனது.

இரண்டாவது முறை கோட்லின் மொழியில். 2017 மே மாதம் கூகுள் தன் மாநாட்டில் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினை ஏற்றுக்கொள்வதாக அறிவித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் நான் வேலை பார்த்த இடத்தில் சரக்கு டெலிவரி செயலி ஒன்று ராத்திரி பதினொரு மணிக்கு எல்லா டிரைவர்களின் போனிலும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. ஒரு முகவரியில் பின்கோடு இல்லை, அந்த இடத்தில் நல் (null) என்ற வெறுமை வந்தது, செயலி விழுந்தது. விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்தோம். இந்த வெறுமைக் குறிப்பை 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கிய கணினி அறிஞர் டோனி ஹோரே, 2009-ல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். கோட்லினில் ஒரு பெயர் வெறுமையாக இருக்கலாம் என்றால் அதன் வகைக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். போட்டுவிட்டால், வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று நாம் சொல்லாதவரை, நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் விடாது. ஒரே ஒரு கேள்விக்குறி! தறிக் கணக்கை அதில் எழுதியபோது, முன்பணமே வாங்காதவருக்கு என்ன காட்டுவது என்று நான் ஐந்து வருடமாக யோசிக்கவே இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது.

அந்த முறைதான் அம்மா கைக்குச் செயலி போனது. ஜியோ வந்த பிறகு அம்மாவும் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருந்தார், அதில் தமிழ் அழகாகத் தெரிந்தது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் வைத்தேன். இந்த எஸ்கியூலைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் தன் நிரலும் சேர்ந்து படுக்கிறதே என்ற தொல்லையில் பிறந்தது. சர்வரே வேண்டாம், ஒரே ஒரு கோப்பு போதும். போர்க்கப்பலுக்காக யோசித்தது எங்கள் தறிக்குடோனுக்கு அப்படியே பொருந்தியது. இன்றைக்கு ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இருக்கிறது, யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2018 டிசம்பரில் மொபைல் செயலி எழுதும் கருவியான ஃபிளட்டர் 1.0 வந்தது. டார்ட் மொழியில் எழுத வேண்டும். அதில் ஹாட் ரீலோட் என்று ஒன்று உண்டு: நிரலில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால், ஓடிக்கொண்டிருக்கும் செயலி நிற்காமலேயே போன் திரையில் மாற்றம் தெரிந்துவிடும். கண் இமைக்கும் நேரம்தான். 2019 பொங்கல் விடுமுறையில் மடிக்கணினியைத் தறிக்குடோனுக்கே எடுத்துப்போய், பாவு பீமுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, அம்மாவின் போனை வயரில் மாட்டினேன். பன்னிரண்டு தறிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தியிருந்தேன். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் எழுதச் சொல்லும்.

அம்மா பார்த்துவிட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்: "ஏங்கண்ணு, நம்ம தறி இப்படியா நிக்குது?"

நிமிர்ந்து பார்த்தேன். தறிகள் இரண்டு வரிசையாக, நடுவில் நடைபாதை விட்டு, ஆறும் ஆறுமாக நிற்கின்றன. அம்மா நடந்துகொண்டே இடம் பார்த்துக் குறிப்பவர். ஏழாவது தறி எது என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அங்கேயே நின்று, பட்டியலை இரண்டு வரிசைக் கட்டங்களாக மாற்றிச் சேமித்தேன். அம்மா கையில் இருந்த திரையில் தறிக்குடோன் வந்து உட்கார்ந்தது. "இந்தப் பட்டனைப் பெருசாப் போடு, கையில எண்ணெய் இருக்குது" என்றார். பெரிதாக்கினேன். "ராத்திரி ஷிப்ட்டுக்கு வேற கலர் குடு." கொடுத்தேன். அப்பாவும் நெய்கிறவர்கள் இரண்டு பேரும் தறியை நிறுத்திவிட்டு வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் இருபது மாற்றங்களாவது செய்திருப்பேன். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அந்தத் திரை எனக்கு வந்திருக்காது. பழைய கருவியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால், மூன்றாவது மாற்றத்திலேயே அம்மா ஊடை நூலுக்குத் தார் போடப் போயிருப்பார். ஒரு கருவி வேகமாக இருப்பதன் மதிப்பை அன்று கண்ணால் பார்த்தேன்.

தமிழில் செயலி எழுதுபவர்களுக்கு மட்டும் புரியும் இன்னொரு சந்தோஷத்தையும் இங்கே சொல்கிறேன். வேலை செய்பவர்களின் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டியிருந்தேன். ப, பெ, பொ என்று பெயர் தொடங்கும் மூன்று பேர் எங்களிடம் இருந்தார்கள். மூன்று பேருக்கும் வட்டத்தில் வெறும் ப. காரணம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் பெ என்பது ப என்ற எழுத்தும் ஒற்றைக்கொம்பும் தனித்தனி எண்களாகச் சேர்ந்தது. தமிழ் என்ற சொல்லின் நீளத்தை ஜாவாவிடம் கேட்டால் 5 என்று சொல்லும். 2014-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஸ்விஃப்டிடம் கேட்டால் 3 என்று, நம் வீட்டுக் குழந்தை எண்ணுவது போலவே எண்ணிச் சொல்லும். அதை முதல் முறை பார்த்தபோது நெகிழ்ந்துபோனேன். டார்ட்டிலும் அதற்கென்று ஆயத்த நிரல்களின் நூலகம் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்த்ததும் மூன்று பேருக்கும் அவரவர் எழுத்து கிடைத்தது.

நான்காவது, 2021 ஜூலையில் 1.0 வந்த ஜெட்பேக் கம்போஸ், ஆண்ட்ராய்டு திரைகளை எழுதும் கருவி. எக்ஸ்எம்எல் பக்கமே இல்லை, திரையும் கோட்லினிலேயே. நல்ல கருவி, தினசரி வேலையில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஃபிளட்டரில் பார்த்ததைத் தாண்டி எனக்குப் பெரிதாகப் புதுசு எதுவும் தென்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதுவதைப் பற்றியும் கேட்பீர்கள். ஆவலோடுதான் பயன்படுத்துகிறேன். சோதனை நிரல்கள் எழுதுவதில் எனக்குப் பாதி நேரம் மிச்சமாகிறது. தறிக் கணக்கையும் கொடுத்துப் பார்த்தேன். சுத்தமாக எழுதிக் கொடுத்தது, வாரத்தை மட்டும் திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடித்திருந்தது. எங்களுக்குச் சனிக்கிழமை கூலி போட்டால் வாரம் முடிந்தது. அன்று ராத்திரி ஷிப்ட் அடுத்த வாரக் கணக்கு. அதைச் சொன்னதும் உடனே திருத்திக் கொடுத்தது. சொல்வதற்கு அந்தக் கணக்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில், கடையில், தோட்டத்தில் நீங்கள் பார்த்து வளர்ந்த ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஊற்றுகிற கணக்கு, சீட்டுக் கணக்கு, தேங்காய் கணக்கு எதுவாக இருந்தாலும் சரி. முதல் முறை எழுதுவதற்குத்தான் நாளாகும்.

இப்போது ஐந்தாவது முறை எழுதுகிறேன், இந்த முறை போனுக்கு வெளியே. ஈஎஸ்பி32 என்ற சிறு சில்லுக்குள் வைஃபை, புளூடூத் இரண்டும் இருக்கின்றன. தறியின் மேல் சாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஊடை, அதாவது ஒரு பிக்கு. சாஃப்ட்டில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, பக்கத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்தால் ஒவ்வொரு சுற்றையும் எண்ணலாம். அங்குலத்துக்கு 60 பிக்கு ரகம் என்றால் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2,362 பிக்கு. வகுத்தால் மீட்டர் வந்துவிடும், அதைப் புளூடூத்தில் அம்மாவின் போனுக்கு அனுப்பினால் சாக்பீஸ் வேண்டாம்.

போன மாதம் மூன்றாவது தறியில் மாட்டினோம். பகல் ஷிப்ட் முடிந்ததும் துணியை அளந்தால் 31 மீட்டர், போனில் 31.2. நான் நிரலில் தவறு தேடிக்கொண்டிருந்தேன். அப்பா தறிப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "ஊடை அறுந்தா தறி ரெண்டு சுத்து சும்மா சுத்தித்தான் நிக்கும் அம்மிணி. அப்புறம் கையில பின்னால திருப்பறோமே, அதையும் உன்ற காந்தம் எண்ணுமல்ல?"

எண்ணும். காந்தம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு சென்சாருக்குத் தெரியாது. இரண்டைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தால் எது முதலில் விழிக்கிறது என்பதை வைத்து முன்னா பின்னா என்று கண்டுபிடித்து, பின்னால் போனதைக் கழித்துவிடலாம். காந்திபுரத்தில் இன்னொரு சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.