ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கும் பூங்கா இலவசமா?

கேள்வி (2025 கோடையில் வந்தது): ஜூலையில் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட்டர் விசாவில் வருகிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இந்தக் கோடையில் கனடாவின் தேசியப் பூங்காக்களும் பழைய கால்வாய்களும் இலவசம் என்கிறார்கள். அவர்களுக்கும் பொருந்துமா? பாஸ் எங்கே எடுப்பது?
- ஸ்காபரோ வாசகர்

பதில்: தாராளமாகப் பொருந்தும். 2025 ஜூன் 20 முதல் செப்டெம்பர் 2 வரை, மத்திய அரசின் பூங்கா அமைப்பான பார்க்ஸ் கனடா நடத்தும் தேசியப் பூங்காக்களிலும் வரலாற்று இடங்களிலும் யாருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. குடியுரிமையா, விசாவா என்று பார்ப்பதில்லை. 'கனடா ஸ்ட்ரோங் பாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, கையில் வாங்க ஓர் அட்டையும் கிடையாது, பதிவும் தேவையில்லை. காசுக்கு யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள். 17 வயது வரையான பிள்ளைகளுக்கு எப்படியும் ஆண்டு முழுவதும் இலவசம்தான்.

ஆனால் அல்கொன்குயின், சாண்ட்பாங்ஸ் இரண்டும் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள். இந்தச் சலுகை அங்கே செல்லாது. நம்மவர்கள் வாசல்வரை போய் ஏமாறுவது இதில்தான். தேசியப் பூங்காக்களில் கூடாரம் அடித்துத் தங்க, இதே நாட்களில் 25 சதவீதக் கழிவு மட்டுமே. மேற்கே அல்பேர்ட்டாவின் பான்ஃப் தேசியப் பூங்கா பக்கம் போனால், மொரைன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. பஸ்ஸுக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு.

எழுபது தாண்டியவர்களை மலைப்பாதையில் நடத்துவதைவிட, முதலில் பீற்றர்பரோவுக்குக் கூட்டிப்போங்கள் என்பேன். காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கே ட்ரென்ற்-செவர்ன் கால்வாயில், 1904இல் திறந்த படகுத் தூக்கி இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள். ஒன்று மேலே நின்றால் மற்றது கீழே நிற்கும். மேல்தொட்டியில் ஓர் அடி தண்ணீரைக் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழ்த்தொட்டி படகோடு சேர்ந்து ஏறும். ஏறக்குறைய 20 மீட்டர் உயரம், மோட்டார் இல்லாமல்! தராசு பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை. கரையில் இருந்து பார்க்க என்றைக்குமே காசில்லை. ஒரு மடக்கு நாற்காலி, தொப்பி, தேத்தண்ணிப் போத்தல் இருந்தால் சரி.

அப்புறம் ஒட்டாவா போகும் எண்ணம் இருந்தால் ரிடோ கால்வாய். 1832இல் திறந்தது, கிங்ஸ்ரன் வரை 202 கிலோமீட்டர், 2007 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். நாடாளுமன்றக் குன்றின் அடியில் எட்டு மதகுகள் (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகள்) படிக்கட்டுப் போல அடுக்காக இறங்கும். பணியாளர்கள் இன்றும் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கதவைத் திறக்கிறார்கள். அருகில் நின்றால் சங்கிலி இழுபடும் சத்தமே கேட்கும். இறக்கம் கொஞ்சம் செங்குத்து, அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மேலே நின்றே பார்க்கட்டும்.

வந்த முதல் வாரம், தூக்கம் மாறிக் கிடக்கும் நாட்களில், தூரப் பயணம் வேண்டாம். உங்கள் ஸ்காபரோவிலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. அங்கே எந்த மாதம் போனாலும் நுழைவுக் கட்டணம் இல்லை.