செப்டம்பர் 2 என்றொரு மரபணு

நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகக் கணினிகளையும் அவற்றில் குவியும் ஃபைல்களையும் மேய்த்துக்கொண்டிருப்பவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: மேடம், மனித மூளைத் திசுவிலிருந்து கிடைத்த மரபணுப் பட்டியலை எக்செல்லில் திறந்தேன். நடுநடுவே ‘2-செப்’, ‘1-மார்’ என்று தேதிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நான் எதையும் தொடவே இல்லை. வைரஸாக இருக்குமோ?
– முதலாண்டு ஆராய்ச்சி மாணவி

பதில்: வைரஸ் இல்லைம்மா, எக்செல்லின் நல்ல மனசு. செப்டின் என்ற புரதக் குடும்பத்தின் மரபணுக்களுக்கு செப்ட்1, செப்ட்2 என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்ச்1, மார்ச்2 என்று இன்னொரு குடும்பம். இவற்றைப் பார்த்ததும், ‘பாவம், தேதி போடத் தெரியாமல் போட்டிருக்கிறார்கள்’ என்று எக்செல் தானாகவே திருத்திக் கொடுத்துவிடுகிறது.

பார்வைக்கு மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. அந்தக் கட்டத்தின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிப் பாருங்கள். செப்ட்2 திரும்பி வராது. 45537 என்பதுபோல ஓர் எண் வந்து நிற்கும். 1900 ஜனவரி 1-ஐ முதல் நாளாக வைத்துக்கொண்டு, 2024 செப்டம்பர் 2 எத்தனையாவது நாள் என்று எக்செல் போட்ட கணக்கு அது. (1900-ஐ லீப் வருடம் என்று நினைத்து அதிலும் ஒரு நாளைக் கூட்டித்தான் எண்ணும். அது தனிக்கதை.) மரபணுவின் பெயர் போனது போனதுதான்.

2004-லேயே இதைப் பற்றி எழுதி எச்சரித்துவிட்டார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016-ல் ஆய்வுக் கட்டுரைகளோடு இணைத்திருந்த எக்செல் மரபணுப் பட்டியல்களைச் சோதித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் 2020-ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே இறங்கி வந்து, செப்ட்2-ஐ செப்டின்2 என்றும் மார்ச்1-ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது 2023-ல். ஒரு விரிதாளுக்குப் பயந்து மரபணு பெயரை மாற்றிக்கொண்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: தேதியானவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த உட்காராதீர்கள். மூல ஃபைலுக்குப் போங்கள். அதை டபுள் கிளிக் செய்து திறக்காமல், எக்செல்லுக்குள்ளிருந்து ‘இம்போர்ட்’ செய்யுங்கள். பெயர்கள் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில், என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளம் ஒவ்வொரு மரபணுவுக்கும் கொடுக்கும் அடையாள எண்ணையும் ஒரு பத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மாதத்தின் பெயரையும் போல இருக்காது. மூல ஃபைலின் மேலேயே சேமித்துவிட்டீர்கள் என்றால், பட்டியல் அனுப்பியவர்களிடம் இன்னொரு முறை கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.

கேள்வி: நிரல் எழுத பைத்தான் மொழியைக் கற்றுக்கொள்வதா, ஆர் மொழியைக் கற்றுக்கொள்வதா?
– இரண்டு மனத்தோடு ஒருவர்

பதில்: பக்கத்து மேசைக்காரருக்கு எது தெரியுமோ அது.

கேள்வி: மைக்ரோஸ்கோப்பில் எடுத்த ஒளிர்வுப் படங்களில் செல்களின் பிரகாசத்தை இமேஜ்ஜே என்ற மென்பொருளில் அளக்கிறேன். படம் இருட்டாக இருக்கிறது. ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று தெரிகிறது. அழுத்தலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஆய்வக உதவியாளர்

பதில்: அழுத்தலாம். அதற்குப் பக்கத்திலேயே ‘அப்ளை’ என்று இருக்கிறதே, அதன்மேல் மட்டும் கை வைக்காதீர்கள். ஆட்டோ மாற்றுவது திரையில் தெரியும் விதத்தை மட்டும்தான். அடியில் உள்ள எண்கள் அப்படியே இருக்கும். அப்ளை அந்த எண்களையே மாற்றி எழுதிவிடும். அப்புறம் நீங்கள் அளப்பது செல்லின் பிரகாசத்தை அல்ல, உங்கள் ரசனையை. சந்தேகமாக இருந்தால், அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே புள்ளியின்மேல் சுட்டியை வைத்து, கருவிப்பட்டையின் கீழே ஓடும் எண்ணைப் பாருங்கள். மாறாமல் இருந்தால் பிழைத்தீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து படத்தை எப்படிச் சேமித்தீர்கள் என்பதில் இருக்கிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். பென் டிரைவில் இடம் போதவில்லை என்று நானூற்றுச் சொச்சம் படங்களை ஜேபெக்காகச் சேமித்தேன். அளந்தேன். மருந்து கொடுத்த திசுவுக்கும் கொடுக்காத திசுவுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் மாலை சும்மா ஒரு செல்லைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். செல்லின் ஓரத்தில் தரையில் ஓடு பதித்ததுபோலச் சின்னச் சின்னச் சதுரங்கள். எட்டுக்கு எட்டு. ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது அப்படித்தான் கட்டம் கட்டமாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைப்பதை எறிந்துவிடும். கேமரா கொடுத்தது 0 முதல் 4095 வரை 4096 படிகள். ஜேபெக்கில் மிஞ்சியது 256. பதினாறு படிகள் ஒரே படியாக நசுங்கியிருந்தன. நாங்கள் கொண்டாடிய வித்தியாசத்தில் எவ்வளவு திசுவுடையது, எவ்வளவு சதுரங்களுடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. திரும்ப எல்லாவற்றையும் படமெடுத்தோம். ஏழு வாரம். அந்தப் பென் டிரைவ் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

ஆகவே, எண்களை எறியாமல் சேமிக்கும் டிஃப் வடிவம். அல்லது மைக்ரோஸ்கோப் தரும் அதன் சொந்த வடிவம். இமேஜ்ஜே-யை வெறுமனே இறக்காமல் ஃபிஜி என்ற தொகுப்பாக இறக்கினால், அந்த வடிவங்களில் பெரும்பாலானவற்றைத் திறக்கும் துணைநிரலும் கூடவே வந்துவிடும். ஃபிஜி என்ற பெயரே ‘ஃபிஜி என்பது இமேஜ்ஜே-தான்’ என்பதன் சுருக்கம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1987-ல் மேக் கணினிக்கு எழுதி, 1997-ல் எல்லாக் கணினிக்குமாக ஜாவாவில் திரும்ப எழுதியது இது. அன்றிலிருந்து இலவசம்.

இன்னொன்று: அளக்கத் தொடங்கும் முன் ‘மேக்ரோ ரெக்கார்ட்’ சாளரத்தைத் திறந்து ஓரமாக வையுங்கள். நீங்கள் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே வரும். ஆறு மாதம் கழித்து, ‘பின்னணியை எவ்வளவு கழித்தாய்?’ என்று யாராவது கேட்டால் அதை நீட்டலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய். நான் விஞ்ஞானம் படித்தவளில்லை. பப்மெட்டில் தேடிப் பார் என்று ஒருவர் சொன்னார். தேடினேன். லட்சத்துக்கு மேல் கட்டுரைகள் வந்தன. மூடிவிட்டேன்.
– ஒரு மகள்

பதில்: மூடியதில் தப்பே இல்லை. அது வாசிப்பதற்கான இடமல்ல, கிடங்கு. 1997-லிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்கான பெரிய கிடங்கு.

அடுத்த முறை நோயின் பெயரோடு உங்கள் கேள்வியையும் சேர்த்துத் தேடுங்கள்: விழுதல், தூக்கம், விழுங்குதல், எதுவோ அது. பிறகு இடப்பக்கம் உள்ள வடிகட்டிகளில் ‘சிஸ்டமாட்டிக் ரிவ்யூ’ என்பதையும் ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்பதையும் தேர்வு செய்யுங்கள். லட்சம் நூறாகும், சில சமயம் பத்தாகும். முதல் வகை, ஒரே கேள்வியைப் பற்றி வந்த பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்டது. இரண்டாவது, முழுக் கட்டுரையையும் காசில்லாமல் படிக்கக் கிடைப்பது. அதுவும் கடினமாக இருந்தால் காக்ரேன் தொகுப்பில் தேடுங்கள். அங்கே ஒவ்வோர் ஆய்வுத் தொகுப்புக்கும் விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கென்றே ஒரு சுருக்கம் எழுதியிருப்பார்கள்.

ஒரு கட்டுரையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது எலியை. தலைப்பில் ‘நம்பிக்கையூட்டும் முடிவு’ என்று இருக்கும். சுருக்கத்தின் நான்காவது வரியில் சுண்டெலி எட்டிப்பார்க்கும். எலிக்குக் குணமானது அப்பாவுக்கு ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கட்டுரையின் மேலே ‘ரிட்ராக்டட்’ என்று இருந்தால் அது திரும்பப் பெறப்பட்டது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் என்ற பதிவேட்டையும் யாராவது காட்டுவார்கள். 2000-லிருந்து இருக்கிறது. மருந்துச் சோதனைகள் எங்கே நடக்கின்றன, யாரைச் சேர்க்கிறார்கள் என்று பார்க்க நல்ல இடம். ஆனால் அதில் ஒரு சோதனை இடம்பெற்றிருப்பதால் அரசாங்கம் அதை ஆராய்ந்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. ‘ஸ்டெம் செல் சிகிச்சை, இவ்வளவு பணம் கட்டினால் சேர்த்துக்கொள்வோம்’ என்று யாராவது அந்தப் பதிவைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கிடைத்த கட்டுரைகளில் இரண்டையோ மூன்றையோ அச்செடுத்து, அப்பாவின் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முப்பது வேண்டாம்.

கேள்வி: நாற்பது பேரின் மூளை ஸ்கேன்களை பழைய கணினியில், மூளைப் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளில் ஓட்டி முடித்தோம். நடுவில் கணினி படுத்துவிட்டது. மீதி இருபது பேரைப் புதிய கணினியில், புதிய பதிப்பில் ஓட்டினோம். சேர்த்து ஒரே அட்டவணையாகப் போடலாமா?
– மூன்றாம் ஆண்டு ஆய்வாளர்

பதில்: கூடாது. அந்த இருபது பேரும் நோயாளிகளாக இருந்தால் கூடவே கூடாது. இது என் பிடிவாதமில்லை. ஃப்ரீசர்ஃபரின் மூன்று பதிப்புகளில் ஒரே ஸ்கேன்களை ஓட்டிப் பார்த்து 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. புதிய பதிப்புக்கும் பழையவற்றுக்கும் இடையே மூளைப் பகுதிகளின் கன அளவில் சராசரியாக 8.8 சதவீத வித்தியாசம். மூளையின் மேலடுக்கான புறணியின் தடிமனில் 2.8. பதிப்பு ஒன்றாகவே இருந்து கணினியோ இயங்குதளமோ மட்டும் மாறினாலும் வித்தியாசம் வந்தது, ஏறக்குறைய அதில் பாதி. மனிதர் அதே மனிதர், மூளை அதே மூளை. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் நோயின் தடயமே அவ்வளவுதான் இருக்கும்.

அறுபது பேரையும் புதிய கணினியில் முதலிலிருந்து ஓட்டுங்கள். ஒரு மூளைக்குப் பல மணி நேரம் ஆகும், தெரியும். இரவில் ஓடட்டும், நீங்கள் தூங்குங்கள். இந்த முறை, மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டும் டாக்கர் கொள்கலனுக்குள் வைத்து ஓட்டினால், கணினி மறுபடி படுத்தாலும் பதிப்பும் அதன் சுற்றுப்புறமும் மாறாது. பதிப்பு எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள். ‘ஃப்ரீசர்ஃபர் பயன்படுத்தினோம்’ என்று மட்டும் எழுதுவது ‘மருந்து கொடுத்தோம்’ என்று எழுதுவது மாதிரி.

கேள்வி: எங்கள் மூளை ஸ்கேன்களை ஓபன்நியூரோ என்ற இணையக் களஞ்சியத்தில் பொதுவில் போடப்போகிறோம். பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். போதும்தானே?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

பதில்: முகத்தை நீக்கினீர்களா? தலையை எம்ஆர்ஐ எடுத்தால் மூக்கும் வாயும் தாடையும் கூடவே வந்துவிடும். முப்பரிமாணமாக்கிப் பார்த்தால் தெரிந்தவர்களுக்கு ஆள் புரிந்துவிடும். 2019-ல் வந்த ஓர் ஆய்வில் 84 பேரின் ஸ்கேன்களிலிருந்து முகத்தை உருவாக்கி, அவர்களின் புகைப்படங்களோடு ஒப்பிடச் சொல்லி முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரைச் சரியாகச் சொல்லிவிட்டது. பைடிஃபேஸ் போன்ற இலவசக் கருவி முகத்தை வழித்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தையும் உங்கள் கண்ணால் பாருங்கள். சில சமயம் நெற்றியோடு சேர்த்து மூளையையும் கொஞ்சம் வழித்திருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், பொதுவில் போட அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் வேண்டாம் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள், அந்தக் கூச்சம் அவர்களுக்கும் இருக்கும்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு. மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆய்வுக்கூடம் இல்லை, ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு மாணவன்

பதில்: தம்பி, உன்னிடம் இருப்பது தாராளம். நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது வேலை செய்யாத நிலையில் இருந்ததால், கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஹக்ஸ்லி வாரக்கணக்கில் சுற்றினார். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. ‘நியூரான்’ என்ற இலவச மென்பொருளில் அதே கணக்கை உன் பழைய மடிக்கணினி கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். அது உனக்கு இன்னும் கொஞ்ச நாள் கழித்து.

எல்லோரும் ஆலன் மூளை வரைபடத்தைக் காட்டுவார்கள். அழகானது, சுண்டெலி மூளையில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று காட்டுவது. ஆனால் முதல் நாளே அதில் இறங்கினால் படம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவாய். பழ ஈயின் மூளையில் 1,39,255 நியூரான்களின், அதாவது நரம்பு செல்களின், இணைப்புகளையும் வரைந்து 2024-ல் வெளியிட்டார்களே, அதற்கும் இதையேதான் சொல்வேன்.

ஒரே ஒரு நியூரானை எடுத்துக்கொள். நியூரோமார்ஃபோ என்ற களஞ்சியத்தில் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தடம் வரைந்த நியூரான்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றை இறக்கு. எஸ்டபிள்யூசி என்று முடியும் சின்ன ஃபைல். அதை எந்த மென்பொருளிலும் திறக்காதே, சாதாரண நோட்பேடில் திற. மேலே சில குறிப்பு வரிகள், கீழே வெறும் எண்கள். வரிக்கு ஏழு: புள்ளியின் எண், அது என்ன பாகம், அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆயங்கள், ஆரம், கடைசியாக அதன் தாய்ப் புள்ளியின் எண். இரண்டாவது இடத்தில் 1 என்றால் செல்லின் உடல், 2 என்றால் செய்தியை வெளியே அனுப்பும் ஆக்ஸான், 3 என்றால் செய்தியை வாங்கும் கிளையான டென்ட்ரைட்.

ஒரு கிராஃப் தாளை எடு. இசட்டை விட்டுவிட்டு எக்ஸையும் ஒய்யையும் மட்டும் வைத்து முதல் ஐம்பது புள்ளிகளைக் குறி. ஒவ்வொன்றையும் அதன் தாயோடு ஒரு கோட்டால் சேர். பாதியில் கோடு இரண்டாகப் பிரியும். அதே தாய் எண் இரண்டு வரிகளில் வந்திருக்கும். முதல் புள்ளிக்கு மட்டும் கடைசி எண் -1 என்று இருக்கும், அதற்குத் தாய் இல்லை. அங்கே பென்சிலை வை.