பின்னாடி சேர்த்த ரூமால லோன் பாதில நிக்குது!

கேள்வி: டெக்சாஸ்ல 2004 மாடல் மேனுஃபேக்சர்டு வீடு (ஃபேக்டரில கட்டி எடுத்துட்டு வந்து வைக்கிற வீடு) ஒண்ணு பேசி முடிச்சோம் சார், எஃப்.ஹெச்.ஏ லோன், அதாவது அமெரிக்க அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடன். பழைய ஓனர் பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்டிருக்கார், வீட்டை மதிப்பு போட வந்த அப்ரைசர் அதைப் பாத்துட்டு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் கேக்குறார். ஏன்?

பதில்: கேக்கணும்மா, அது உங்க நல்லதுக்குத்தான். 1976 ஜூன் 15க்கு அப்புறம் இந்த வீடுங்க எல்லாம் ஹட் கோடுப்படி (அமெரிக்க வீட்டுவசதித் துறையோட கட்டுமான விதி) ஃபேக்டரிலயே செக் ஆகி, வெளிச்சுவர்ல சின்ன செவப்பு தகடு அடிச்சு வருது. அந்தச் சுவரும் கூரையும் தன் பாரத்துக்குன்னு கணக்குப் போட்டது, அதுல போய் புது ரூம் கூரையை ஆணியடிச்சு மாட்டினா அந்தக் கணக்கே மாறிடுது, அப்போ தகடு சொல்ற உத்தரவாதம் செல்லுமான்னு கடன் குடுக்குற லெண்டருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். மாநில இன்ஸ்பெக்டரோ, அவங்க இல்லாத எடத்துல லைசென்ஸ் உள்ள ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரோ ஓகே சொல்லணும்.

நீங்களே பின்னாடி போய் நின்னு பாருங்க. புது ரூம் உத்தரம் சொந்தத் தூண்ல உக்காந்திருக்கா, வீட்டுச் சுவர்ல தொங்குதா? சொந்தத் தூண், சொந்த அஸ்திவாரம்னா பெரும்பாலும் சிக்கல் கம்மி. தொங்குதுன்னா சரிபண்ற செலவை ஓனர் தலைல போடப் பேசுங்க, கட்டினப்போ பர்மிட் வாங்கினாரான்னும் கேளுங்க, ரிப்போர்ட் கைக்கு வராம திரும்பி வராத பணம் எதையும் கட்டிடாதீங்க, ப்ளீஸ்.