டாக்டர் என் அக்காவிடம் பேசாமல் என்னிடமே பேசுகிறார், என்ன செய்வது?

மனவளர்ச்சி குன்றிய அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் எல்லாக் கேள்வியும் உங்களிடமே வருகிறது என்கிறீர்கள். பாதிக்கு நீங்களும் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். என் தம்பியும் உங்கள் அக்கா மாதிரிதான், 32 வயது. வேகவைத்த கடலை என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் கடலையை உரித்து உரித்து வாயில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். முதலில் போன இடத்தில் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி பிள்ளைங்க இப்படித்தான்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார்கள். நாலு நாள் தூங்கி விழுந்தான். விழித்தால் மறுபடி அறை.

டாக்டர்கள் எல்லோரையும் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கூட்டம் எனக்கும் தெரியும். தர்மபுரியில் அவனைப் புரிந்துகொண்டதும் ஒரு நர்ஸ்தான்.

பிரஷர் பார்க்கும் பட்டையை முதலில் தன் கையில் சுற்றி, காற்றடித்துக் காட்டினார். "இறுக்கும், அப்புறம் விட்டுடும்" என்றார். அவன் தானாகக் கையை நீட்டினான். வலிக்குதா என்றாலும் வலிக்கலையா என்றாலும் இவன் "ஆமா"தான் சொல்வான். அவர் அப்படிக் கேட்கவில்லை. "எங்கன்னு தொட்டுக் காட்டு சாமி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். நான் வாயைத் திறந்தேன், கையமர்த்தினார். ஒரு நிமிஷம் போயிருக்கும். அவர் விரலைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்தான். கடைவாய்ப் பல்லில் சீழ்.

   

சரி, உங்கள் அக்கா விஷயம். நெடுநேரம் காத்திருந்து களைத்துவிட்டால் எங்கள் தம்பி யாருக்கும் பதில் சொல்லமாட்டான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் சிகிச்சைக்கு முன்னுரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மாத்திரையை "ரெண்டு வேளை" என்று சொன்னால் அவனுக்கு ஏறாது. "இட்லி சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி டிவி நிறுத்தினதும் ஒண்ணு" என்றால் நமக்கே திருப்பிச் சொல்வான். உள்ளே போனதும் டாக்டருக்கு எதிர் நாற்காலியில் அக்காவை உட்கார வையுங்கள். உங்களைப் பார்த்துக் கேட்டால், "அக்காகிட்டயே கேளுங்க சார், விட்டுப்போனதை நான் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.