ஒரு புள்ளியா, இரண்டா?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில், 1984 ஆரஞ்சு பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தில் நெப்ராஸ்கா பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் கடைசியில் ஒரு புள்ளியை உதைத்து எடுத்திருந்தால் ஆட்டம் சமன் ஆகியிருக்கும், தேசியப் பட்டமும் அநேகமாகக் கிடைத்திருக்கும். இரண்டு புள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் தொலைத்தார். இதை வீரம் என்கிறார்களே, வீம்பு என்பதுதானே சரி?

பதில்: இல்லை. ஆட்டம் எப்படி முடிந்தது என்று தெரிந்த பிறகு சூட்டும் பெயர் அது. மயாமி வீரர் கென் கால்ஹூனின் விரல் அந்தப் பந்தில் படாமல் போயிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியை அனுப்பியிருப்பீர்களா?

அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். நெப்ராஸ்கா அந்தப் பருவத்தில் 12 ஆட்டத்தையும் வென்று முதலிடத்தில் இருந்த அணி. ஆட்டத்துக்குச் சராசரி 52 புள்ளி. எதிரே மயாமி பல்கலைக்கழக அணி, அதுவும் தன் ஊர் மைதானத்தில். முதல் கால் பகுதியிலேயே 17-0 என்று மயாமி முந்தியது. நெப்ராஸ்கா திணறி எழுந்து 17-17 வரை வந்தது, மயாமி மறுபடி 31-17 என்று விலகிப் போனது. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அந்த ஆண்டு வாங்கிய நெப்ராஸ்கா வீரர் மைக் ரோஸியர் கணுக்கால் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதிலாக இறங்கிய ஜெஃப் ஸ்மித் ஒரு டச்டவுன் எடுத்தார், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். அதன் பிறகான உதையும் சேர்ந்து 31-24. அப்புறம் 48 விநாடி மட்டும் மிச்சமிருந்தபோது, நான்காவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. 8 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து மயாமிக்குப் போய்விடும். அதே ஸ்மித் 24 கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். 31-30.

டச்டவுனுக்கு 6 புள்ளி. அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி. அது பெரும்பாலும் தவறாது. அல்லது 3 கெஜக் கோட்டிலிருந்து ஒரே ஒரு முயற்சியில் பந்தை உள்ளே கொண்டுபோனால் 2 புள்ளி. கல்லூரி ஆட்டத்தில் அப்போது கூடுதல் நேரம் கிடையாது, சமன் என்றால் சமன்தான். சாம்பியனைத் தீர்மானிக்க இறுதிப்போட்டியும் இல்லை, பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டார்கள். இரண்டாமிடத்திலிருந்த டெக்சாஸ் அன்று பகலிலேயே ஜார்ஜியாவிடம் 10-9 என்று தோற்றிருந்தது. ஆகவே சமன் போதுமாக இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆஸ்போர்னுக்கும் அது தெரியும். 11 பருவமாகப் பயிற்சியாளர், ஒரு தேசியப் பட்டம்கூட இல்லாதவர்.

அவர் 2 புள்ளிக்குப் போனார். நெப்ராஸ்காவில் பந்தை எறியும் வீரரான டர்னர் கில் வலப்பக்கம் ஓடியபடி எறிந்த பந்து கால்ஹூனின் விரலில் உரசி ஸ்மித்தின் கைக்கு ஒழுங்காக வராமல் விழுந்தது. பட்டம் மயாமிக்கு.

சமனுக்குப் போய்ப் பட்டம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1966-ல் நோட்டர் டேம், மிச்சிகன் ஸ்டேட் என்ற இரண்டு கல்லூரி அணிகளும் 10-10 என்று நின்றன. கடைசியில் பந்து நோட்டர் டேம் கையில். அதன் பயிற்சியாளர் ஆரா பார்சேகியன் துணியவில்லை, பந்தைப் பத்திரமாக வைத்து நேரத்தைக் கடத்தினார். பட்டம் கிடைத்தது. ஆனால் அந்தக் கடைசி நிமிடம் அவரை விடவே இல்லை. அவரிடமும் நியாயம் இருந்தது, முக்கியமான வீரர்கள் அடிபட்டிருந்தார்கள். இருந்தாலும் எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஜெயிக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு களத்தில் நிற்கும் இருபது வயசுப் பையன்களிடம், வேண்டாம், ஓட்டு நமக்குத்தான் விழும் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆஸ்போர்ன் பிற்பாடு 1994, 1995, 1997 மூன்று பருவத்திலும் பட்டம் வாங்கினார். அதை என் வாதத்துக்குத் துணையாகச் சேர்க்கமாட்டேன். பின்னால் வென்றது, முன்னால் எடுத்த முடிவைச் சரியாக்காது. தோற்றது தப்பாக்குவதும் இல்லை.

சரி, அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. ஏறக்குறைய 7 நிமிடம் மிச்சமிருந்தபோது ஸ்மித் எடுத்த முதல் டச்டவுனைப் பாருங்கள். அப்போது 31-23. அவர் உதைத்து 31-24 ஆக்கினார். ஜெயிக்கத்தான் வந்தோம் என்றால் 2 புள்ளிக்கு அங்கேயே போயிருக்க வேண்டும். கிடைத்திருந்தால் 31-25. அடுத்த டச்டவுன் 31-31 ஆக்கும், சாதாரண உதையே ஜெயிக்க வைக்கும். கிடைக்காவிட்டாலும் அடுத்த டச்டவுனில் 31-29 என்று வந்து, இன்னொரு 2 புள்ளி முயற்சியில் சமன் செய்யலாம். அந்த முயற்சி பாதிக்குப் பாதி பலிக்கும் என்று வைத்துக்கொண்டால், இந்த வழியில் பாதி வாய்ப்பு வெற்றி, கால் வாய்ப்பு சமன், கால் வாய்ப்புதான் தோல்வி. அவர் போன வழியில் பாதி வெற்றி, பாதி தோல்வி. வெற்றி வாய்ப்பு அதேதான், தோல்வி வாய்ப்பு மட்டும் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தக் காலத்தில் யாரும் இப்படிக் கணக்குப் போட்டு ஆடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆஸ்போர்னிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், 48 விநாடியைப் பற்றிக் கேட்கமாட்டேன். அந்த முதல் உதையைப் பற்றித்தான் கேட்பேன்.