ரஷ்யாவும் உக்ரைனும் எரிவாயு விலைக்குச் சண்டையிட்டால் பல்கேரியா ஏன் குளிரில் நடுங்கியது?

எரிவாயு விலைத் தகராறு என்பது, குழாய் வழியே எரிவாயு விற்கும் நாடும் வாங்கும் நாடும் விலையில் உடன்படாமல் மோதிக்கொள்வது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி வேறொருவருக்கு விற்றுவிடலாம். குழாய் எரிவாயுவோ குழாய் போகும் இடத்துக்கு மட்டுமே போகும். ஆகவே விலையில் அரசியல் எளிதாகப் புகுந்துவிடுகிறது.

2005இல் உக்ரைன் ஆயிரம் கன மீட்டருக்கு 50 டாலர் கொடுத்துவந்தது. தேர்தல் மோசடிக்கு எதிராக 2004இல் எழுந்த மக்கள் போராட்டமான ஆரஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்நாடு மேற்கை நோக்கித் திரும்ப, ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 230 டாலர் கேட்டது. 2006 ஜனவரி 1 அன்று உக்ரைனுக்கான எரிவாயுவை நிறுத்தியது. 2009 ஜனவரியில் நடந்தது அதைவிடக் கொடுமை. உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய எரிவாயு ஏறக்குறைய இரண்டு வாரம் அடியோடு நின்றது. அந்த எரிவாயுவை நம்பியிருந்த பல்கேரிய வீடுகள் கடுங்குளிரில் வெப்பமின்றித் தவித்தன.

வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். தலைமடைக்காரரும் நடுவயல்காரரும் சண்டையிட்டு மடையை அடைத்தால், காய்வது கடைமடைப் பயிரும்தான்.

ஐரோப்பா பணம் கட்டாததால்தான் எரிவாயு நின்றது என்று நினைத்தால் அது தவறு. விலை, கடன், குழாய்வழிக் கட்டணம் பற்றிய தகராறு ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையிலானது.