வாங்கும் முன்: பாத எரிச்சலுக்கு ஏன் மனச்சோர்வு மாத்திரை?

கேள்வி: எனக்கு 14 வருடமாகச் சர்க்கரை. இரவெல்லாம் பாதம் எரிகிறது. டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மெடிக்கலில் இருந்த பையன், "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிறது" என்றான். டாக்டர் என்னை மனநோயாளி என்று நினைத்துவிட்டாரா? மாத்திரையைத் தொடவே இல்லை. (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. உங்கள் பாத எரிச்சலுக்குத்தான் எழுதியிருக்கிறார். 1961-ல் மனச்சோர்வு மருந்தாக வந்தது அது. வலியைத் தணிக்கும் நரம்பு வேதிப்பொருள்களையும் அது கூட்டுகிறது என்பது பிறகு தெரிந்தது. மனச்சோர்வுக்குப் பொதுவாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும். நரம்பு வலிக்கு 10, 25 என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பையன் சொன்னதும் பொய்யில்லை, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு நிறுவனம் எந்த நோய்க்கு ஆய்வு செய்து விண்ணப்பிக்கிறதோ, அதற்குத்தான் அரசு அனுமதி தரும். பின்னால் வேறு நோய்க்கும் உதவுகிறது என்று தெரிந்தாலும், காப்புரிமை முடிந்து யார் வேண்டுமானாலும் தயாரிக்கிற, சில ரூபாய் விலையுள்ள மாத்திரைக்கு மறுபடி பெரும் பணம் செலவழித்து அனுமதி வாங்க நிறுவனங்கள் முன்வருவதில்லை. அதனால் மருந்தோடு வரும் காகிதத்தில் பெரும்பாலும் பழைய பயன் மட்டுமே இருக்கும்.

என் அப்பாவுக்கு அக்கி ஆறிய பிறகும் விலாவில் எரிச்சல் நிற்கவில்லை. இதே மாத்திரையை எழுதினார்கள். பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று நிறுத்தியது நான்தான். பதிலுக்கு 6,500 ரூபாய் கொடுத்து ஒரு காந்தப் படுக்கை விரிப்பு வாங்கினேன். இரண்டு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை. திரும்ப டாக்டரிடம் போய், அந்த மாத்திரையை ஆரம்பித்து மூன்றாவது வாரம்தான் ஒரு முழு இரவு தூங்கினார். அந்த இரண்டு மாதம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

டாக்டரிடம் திரும்பப் போங்கள். இதய நோய், கண்ணழுத்தம், சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய் வறளும், மலச்சிக்கல் வரலாம், காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

கேள்வி: பிறந்து நான்கு நாளான என் மகளுக்கு ஐ.சி.யூ.வில் சில்டெனாஃபில் வாங்கி வரச் சொன்னார்கள். மெடிக்கலில் இருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது அந்த மருந்துதானே? (மதுரை வாசகர்)

பதில்: அதேதான். சிரித்தவர்கள் வெட்கப்பட வேண்டும். முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து அது. இரத்தக்குழாயைத் தளர்த்துவது அதன் வேலை. அமெரிக்காவில் 1998-ல் ஆண்மைக் குறைவுக்கும், 2005-ல் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தத்துக்கும் அனுமதி கிடைத்தது. சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் நுரையீரல் இரத்தக்குழாய்கள் விரியாமல் இறுகியே இருக்கும். உடம்புக்குப் போதுமான ஆக்சிஜன் போகாது. அவற்றைத் தளர்த்தத்தான் இந்த மருந்து. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: மேடை ஏறினால் கை நடுங்கும். நண்பர் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் ப்ரொப்ரனலால் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கி இரண்டு தடவை போட்டேன். நல்ல பலன். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறேன், பரவாயில்லையா? (கோவை வாசகர்)

பதில்: இனி ஒன்றுகூட வேண்டாம். அது மூச்சுக்குழாயை இறுக்கும், உங்கள் இன்ஹேலர் வேலை செய்வதையும் தடுக்கும். நண்பரின் உடம்புக்கு எழுதிய மருந்தை உங்களுக்கு விற்ற கடைக்காரரும் தப்பு செய்தார், கேட்ட நீங்களும் செய்தீர்கள்.

கேள்வி: குழந்தைப்பேறுக்காக எனக்கு லெட்ரோசோல் எழுதியிருக்கிறார்கள். அது மார்பகப் புற்றுநோய் மருந்து, தடை செய்தது என்கிறார் மாமியார். (சேலம் வாசகி)

பதில்: மார்பகப் புற்றுநோய்க்கும் அதைத் தருகிறார்கள் என்பது இன்றும் உண்மை, தடை என்பது ஒரு காலத்து உண்மை. குழந்தையின்மைக்கு அதைக் கொடுப்பதை இந்தியாவில் 2011-ல் தடை செய்தார்கள். 2017-ல் அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். சினைமுட்டை சரியாக வெளிவராதவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் டாக்டர் எதை எதற்கு எழுதினாலும் சரிதானா? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. கபாபென்டின் என்ற வலிப்பு மருந்தை அனுமதியில்லாத நோய்களுக்கும் எழுதச் சொல்லி டாக்டர்களிடம் விளம்பரம் செய்த வழக்கில், ஃபைசர் நிறுவனம் 2004-ல் அமெரிக்காவில் 43 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. "இது எனக்கு எதற்கு, எத்தனை நாளில் பலன் தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வது?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை என்று சீட்டில் இருந்தது. மெடிக்கலில் கவர் மேல் 1-0-0 என்று எழுதிவிட்டார்கள். அம்மா தினமும் போட்டார். வாயெல்லாம் புண், 9 நாள் ஆஸ்பத்திரி. கடைக்காரர், "சீட்டைப் பார்த்திருக்கணும்" என்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அதிக அளவில் புற்றுநோய்க்கும், குறைந்த அளவில் வாரம் ஒருநாள் முடக்குவாதத்துக்கும் தருகிற மருந்து இது. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துவிடும். உயிர் போனவர்கள் உண்டு.

நான் வருடக்கணக்காக எழுதி வரும் குறை ஒன்று இருக்கிறது. நான்கு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டுகிறார்கள். பெயர் ஒரு துண்டில், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இன்னொரு துண்டில். விளக்கக் காகிதம் இருந்தால் அது பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது ஒரு கவரும் அதன் மேல் மூன்று எண்களும். வாரம் ஒருமுறை என்று எழுத அந்த மூன்று எண்களில் இடமே இல்லை! சீட்டு மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை கடைகளில் அவர் இருக்கிறார்? கேட்டுப் பாருங்கள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். முழு அட்டையை வெட்டுவதற்கு முன் போட்டோ எடுங்கள். 'ஞாயிறு மட்டும், மூட்டுக்கு' என்று சீட்டில் தமிழில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்தக் கவர்தான் உங்கள் சாட்சி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915-க்கு அழையுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தள்ளுபடி என்று புது மருந்தை மூன்று மாதத்துக்கு வாங்கினேன். ஒரே வாரத்தில் டாக்டர் மாற்றிவிட்டார். கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: புது மருந்து என்றால் முதலில் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள்.